வால்வு ப்ரீஆம்ப் கட்டுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வால்வை, அதாவது பழைய ரேடியோக்களில் ஒளிரும் வெற்றிடக் குழாயை, வைத்துக் கையால் ப்ரீஆம்ப் கட்ட ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், வம்பானவை கடைசியில். நேரே கடைசிக்குத் தாவினால் சில பதில்கள் அரைகுறையாகத் தெரியும், ஏனென்றால் முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

வேற எதுவும் வேண்டாம், எந்த வால்வு நல்ல வால்வுன்னு ஒரே ஒரு பேர் மட்டும் சொல்லுங்க.

6எஸ்என்7. இடம் குறைவு என்றால் 12ஏயூ7. சிடி ப்ளேயர், டிஏசி, ட்யூனர் போன்றவற்றின் சிக்னலை வாங்கி பவர் ஆம்புக்கு அனுப்பும் சாதாரண லைன் ப்ரீஆம்ப் என்றால் இந்த இரண்டில் ஒன்றை வைத்துக் கட்டி யாரும் கெட்டுப்போனதில்லை.

ஆனால் இது கால் அளவைச் சொல்லாமல் நல்ல செருப்பு எது என்று கேட்பது மாதிரி. எவ்வளவு கெயின், அதாவது எத்தனை மடங்கு பெருக்கம், வேண்டும், வெளியே எதை ஓட்டப்போகிறோம், ட்ரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தாங்கும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் வால்வு கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும். வால்வை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற சர்க்யூட்டைத் தேடுபவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அந்த ப்ரீஆம்பை இரண்டு முறை பிரித்துக் கட்டினேன்.

ஒரே வால்வுக்கு எதுக்கு இத்தனை பேர்? 12ஏஎக்ஸ்7, ஈசிசி83, சிவி4004 எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றுதான். முதலாவது அமெரிக்கப் பெயர், அடுத்தது ஐரோப்பியப் பெயர், மூன்றாவது பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்த எண். அதேபோல 12ஏயூ7 என்பதுதான் ஈசிசி82, 12ஏடி7 என்பதுதான் ஈசிசி81, 6டிஜே8 என்பதுதான் ஈசிசி88. சோவியத் பெயர்களில் 6என்8எஸ் என்றால் 6எஸ்என்7, 6என்9எஸ் என்றால் 6எஸ்எல்7.

பெயருக்குள்ளேயே கொஞ்சம் தகவல் இருக்கிறது. அமெரிக்கப் பெயரின் முதல் எண் ஹீட்டர் (வால்வை உள்ளே சூடாக்கும் இழை) வோல்டேஜ்: 12 என்றால் 12.6, 6 என்றால் 6.3. ஐரோப்பியப் பெயரில் ஈ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர் (12ஏ வரிசை வால்வுகளின் ஹீட்டரில் நடு இணைப்பு இருப்பதால் 12.6, 6.3 இரண்டிலும் ஓடும்), ஒவ்வொரு சி-யும் ஒரு ட்ரையோட் (கேத்தோடு, க்ரிட், ப்ளேட் என்று மூன்று முனை: கேத்தோடிலிருந்து ப்ளேட்டுக்குப் போகும் எலெக்ட்ரான் ஓட்டத்தை க்ரிட்டில் வரும் சிக்னல் கட்டுப்படுத்தும்), எனவே சிசி என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோட். எண் எண்பதுகளில் இருந்தால் ஒன்பது பின் கொண்ட நோவல் பேஸ். எண்ணும் எழுத்தும் இடம் மாறி ஈ88சிசி என்று இருந்தால் அது தொழில்துறைக்காகச் செய்த உயர்தர வகை.

டேட்டாஷீட்ல மியூ, ஜிஎம், ஆர்பி-ன்னு என்னென்னமோ இருக்கு. எதைப் பார்க்கணும்?

மியூ என்பது வால்வால் அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்க முடியும் என்பது. ஆர்பி என்பது வால்வின் உள் தடை. ஜிஎம் என்பது க்ரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் ப்ளேட் கரன்ட் எவ்வளவு மாறும் என்பது. மூன்றும் தனித்தனி இல்லை, ஜிஎம்மையும் ஆர்பியையும் பெருக்கினால் மியூ வந்துவிடும். 12ஏஎக்ஸ்7-க்கு 1.6 மில்லி ஆம்பியரை 62.5 கிலோ ஓமால் பெருக்கினால் 100. 12ஏயூ7-க்கு 2.2 பெருக்கல் 7.7, அதாவது 17. 12ஏடி7-க்கு 5.5 பெருக்கல் 10.9, அதாவது 60. ஈசிசி88-க்கு 12.5 பெருக்கல் 2.64, அதாவது 33. 6எஸ்என்7-க்கு 2.6 பெருக்கல் 7.7, அதாவது 20.

லைன் ப்ரீஆம்புக்கு நான் முதலில் பார்ப்பது ஆர்பி. மியூவைப் பார்த்து மயங்குவது எல்லோரும் செய்வது. மியூ அதிகமாக இருக்கும் வால்வில் பெரும்பாலும் ஆர்பியும் அதிகமாகத்தான் இருக்கும், அதன் வலி கீழே 12ஏஎக்ஸ்7 கேள்வியில் தெரியும். டேட்டாஷீட்டில் இருக்கும் ஆர்பி ஒரு குறிப்பிட்ட கரன்ட்டுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம், நாம் கரன்ட்டைக் குறைத்து ஓட்டினால் அது ஏறும்.

எனக்கு எவ்வளவு கெயின் வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பவர் ஆம்ப் முழு சக்தி கொடுக்க எத்தனை வோல்ட் கேட்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். சிடி ப்ளேயர் கொடுப்பது 2 வோல்ட். கணக்கு புரிகிறதா? கெயினே வேண்டாம், பாதியாகக் குறைத்தால்கூடப் போதும். வெளியே 0.3 வோல்ட் மட்டும் கொடுக்கிற பழைய கருவி ஏதாவது இருந்தால் மூன்று நான்கு மடங்கு வேண்டும், அதாவது 10 முதல் 12 டெசிபல்.

12ஏயூ7-ஐ வழக்கமான முறையில் போட்டாலே 14, 15 மடங்கு வந்துவிடும், கிட்டத்தட்ட 23 டெசிபல். அதுவே தேவைக்கு மேல்தான். 12ஏஎக்ஸ்7 போட்டால் 50, 60 மடங்கு. அப்போது என்ன ஆகும் தெரியுமா, வால்யூம் குமிழைத் தொட்டதுமே வீடு அதிரும், முழுச் சுற்றில் முதல் ஒரு விரற்கடைதான் பயன்படும். வால்யூம் பாட்டின் அந்த ஆரம்பப் பகுதியில்தான் இடது வலது ட்ராக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, ராத்திரியில் மெதுவாக வைத்துக் கேட்டால் பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். நான் அதை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் ஸ்பீக்கரை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் 12ஏஎக்ஸ்7தானே போடுறாங்க, நான் போட்டா என்ன ஆயிடும்?

கித்தார் ஆம்பில் அது ராஜா, ஃபோனோவிலும் (ரெக்கார்ட் ப்ளேயருக்கான ப்ரீஆம்ப்) அப்படித்தான். லைன் ப்ரீஆம்பில் கெயின் கதை மேலே பார்த்தாகிவிட்டது, அதற்கு மேல் இரண்டு சிக்கல் உண்டு.

முதலாவது வெளியே. ப்ளேட்டில் 100 கிலோ ஓம் போட்டால் அவுட்புட் இம்பீடன்ஸ் 100-ம் 62.5-ம் இணையாகச் சேர்ந்து கிட்டத்தட்ட 38 கிலோ ஓம். பவர் ஆம்பின் இன்புட் 20 கிலோ ஓம் என்றால் சிக்னலில் பாதிக்கும் மேல் அங்கேயே போய்விடும். பவர் ஆம்ப் பரவாயில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், மீட்டருக்கு 100 பைக்கோ ஃபாரட் இருக்கிற கேபிளை 3 மீட்டர் இழுத்தால் 14 கிலோ ஹெர்ட்ஸ் சுமாருக்கே 3 டெசிபல் விழுந்துவிடும். அதே இடத்தில் 12ஏயூ7-ஐ 47 கிலோ ஓம் ப்ளேட் ரெசிஸ்டரோடு போட்டால் 7, 8 கிலோ ஓம்தான். அவுட்புட்டைவிட அடுத்த கருவியின் இன்புட் பத்து மடங்காவது இருக்கட்டும் என்பது பழைய கணக்கு, இன்றும் சரி.

இரண்டாவது உள்ளே, மில்லர் கெப்பாசிட்டன்ஸ். க்ரிட்டுக்கும் ப்ளேட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் 1.6 பைக்கோ ஃபாரட்தான், ஆனால் வால்வு பெருக்குகிற அளவுக்கு அதுவும் பெருகி இன்புட்டில் 100, 110 பைக்கோவாகத் தெரியும். முன்னால் 100 கிலோ ஓம் வால்யூம் பாட் இருந்தால் மோசமான இடத்திலும் 58 கிலோ ஹெர்ட்ஸ் வரை போகும், கவலை இல்லை. 500 கிலோ ஓம் பாட் கையில் கிடந்தது என்று போட்டால் 11, 12 கிலோ ஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்கிவிடும். "வால்வு சவுண்டு இதமா இருக்கு" என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

சரி, கட்டிட்டேன். இப்ப 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துட்டு 12ஏயூ7 செருகினா கெயின் குறையுமா?

குறையும். பின் அமைப்பு ஒன்றுதான், ஹீட்டரும் ஒன்றுதான், எதுவும் எரியாது. ஆனால் 100 கிலோ ஓம் ப்ளேட், 1.5 கிலோ ஓம் கேத்தோடு, 250 வோல்ட் சப்ளை என்று 12ஏஎக்ஸ்7-க்காகப் போட்ட சர்க்யூட்டில் 12ஏயூ7 அதிகக் கரன்ட் இழுத்து ப்ளேட் வோல்டேஜை 100-க்கும் கீழே இறக்கிவிடும். பாட்டு வரும், ஆனால் வால்வு தனக்குப் பிடிக்காத மூலையில் உட்கார்ந்திருக்கும், டிஸ்டார்ஷனும் கூடும்.

மாற்றுவதானால் ரெசிஸ்டரையும் சேர்த்து மாற்றுங்கள். ப்ளேட்டில் 22 முதல் 47 கிலோ ஓம், கரன்ட் 3 முதல் 5 மில்லி ஆம்பியர் வருகிற மாதிரி கேத்தோடு ரெசிஸ்டர். நான்கு ரெசிஸ்டருக்குச் சோம்பேறித்தனப்பட்டு நான்கு ஜோடி வால்வு வாங்கிப் பார்ப்பவர்களை என்ன சொல்வது.

6எஸ்என்7 நல்லதா 12ஏயூ7 நல்லதா? சண்டை போடாம சொல்லுங்க.

காகிதத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. மியூ, ஆர்பி எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். நடைமுறையில் 6எஸ்என்7 நேர்கோட்டுத்தன்மையில் ஒரு படி மேல், அதாவது ஃபீட்பேக் இல்லாமலே குறைந்த டிஸ்டார்ஷன், என் ஓட்டு அதற்குத்தான். அதற்கு விலையாக எட்டுப் பின் ஆக்டல் சாக்கெட், பெரிய துளை, 600 மில்லி ஆம்பியர் ஹீட்டர். 12ஏயூ7-க்கு 6.3 வோல்ட்டில் 300 போதும். பெரிய கண்ணாடி, பெரிய ப்ளேட் என்பதால் 6எஸ்என்7 சில சமயம் அதிர்வை அதிகமாகப் பிடிக்கும்.

ஷாசியில் (கருவியின் உலோகப் பெட்டி) உயரம் குறைவு என்றால் தம்பியையே வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈசிசி88-ல சத்தம் தெளிவா இருக்கும்னு சொல்றாங்களே?

ஜிஎம் 12.5 என்று மேலே பார்த்தோம், அதனால் உள் தடை குறைவு, இரைச்சலும் குறைவு. டிவி ட்யூனரின் முன்பகுதிக்காகச் செய்த வால்வு இது, அதனால் குறைந்த ப்ளேட் வோல்டேஜிலேயே நன்றாக ஓடும். 90 வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் என்பது அதன் சொந்த ஊர் மாதிரி. உச்ச வரம்பே 130 வோல்ட்தான். 12ஏயூ7-க்குக் கொடுக்கிற மாதிரி 200 வோல்ட் ப்ளேட்டில் கொடுத்தால் கொஞ்ச நாளில் போய்விடும். ஈ88சிசி மட்டும் 220 வரை தாங்கும்.

அப்புறம் இன்னொன்று. ரேடியோ அலைவரிசைக்குப் பிறந்ததால், கொஞ்சம் இடம் கொடுத்தால் காதுக்குக் கேட்காத உயரத்தில் தானாக ஆஸிலேட் ஆகும். நமக்குத் தெரிவது மங்கலான ஒலி, காரணமில்லாமல் தாவும் வோல்டேஜ், கையை அருகில் கொண்டுபோனால் மாறுகிற சத்தம். ஒவ்வொரு க்ரிட்டிலும் சாக்கெட்டின் பின்னை ஒட்டியே 100 முதல் 1000 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் சால்டர் செய்யுங்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் போடாதது மாதிரிதான்.

ஒன்பது பின் வால்வு எல்லாம் ஒரே சாக்கெட்ல உட்காருதே, மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கலாமா?

சாக்கெட்டில் உட்காருவது வேறு, சர்க்யூட்டில் உட்காருவது வேறு. 12ஏஎக்ஸ்7, 12ஏயூ7, 12ஏடி7 மூன்றுக்கும் ஹீட்டர் 4, 5, 9 பின்களில், 9 நடு இணைப்பு. ஈசிசி88-க்கும் சோவியத் 6என்1பி, 6என்2பி வால்வுகளுக்கும் ஹீட்டர் 4, 5-ல் மட்டும், 9 என்பது இரண்டு ட்ரையோடுக்கும் நடுவே உள்ள தடுப்பு. 4-க்கும் 5-க்கும் 12.6 வோல்ட் கொடுத்த சாக்கெட்டில் ஈசிசி88-ஐச் செருகினால் ஹீட்டருக்கு இரண்டு மடங்கு வோல்டேஜ். பளிச்சென்று எரியும், கொஞ்ச நேரத்துக்கு அழகாகக்கூட இருக்கும்.

ஒத்துப்போகும் ஜோடிகளிலும் ஹீட்டர் கரன்ட்டைப் பாருங்கள். ஈசிசி88-க்கு 365 மில்லி ஆம்பியர், அதன் இடத்தில் செருகும் 6என்1பி-க்கு 600. 12ஏஎக்ஸ்7-க்கு 300, அதற்குப் பதிலாகப் போடும் 5751-க்கு 350. 12ஏயூ7-க்கு 300, 12பிஎச்7-க்கு 600. பிசிசி88 என்று ஒன்று உண்டு, ஈசிசி88-ஏதான், ஆனால் ஹீட்டர் 7 வோல்ட், 300 மில்லி ஆம்பியர். 6.3-ல் செருகினால் பத்து சதவீதம் குறைவாகச் சூடாகிப் பாடும். முறையாகச் செய்வதானால் அதற்கு 7 வோல்ட் கொடுங்கள்.

ஹீட்டருக்கு ஏசி கொடுக்கவா டிசி கொடுக்கவா?

லைன் ஸ்டேஜுக்கு ஏசி போதும், வயரை இறுக்கமாக முறுக்கி ஷாசியின் மூலையை ஒட்டிக் கொண்டுபோய், ஹீட்டர் சுற்றின் நடுப்புள்ளியைக் கிரவுண்டுடன் இணைத்தால். நடு இணைப்பு இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரால் செயற்கையாக ஒன்று உண்டாக்குங்கள். ஃபோனோவுக்கு டிசி கொடுங்கள், வாதாட வேண்டாம். 12ஏ வரிசை வால்வுகளுக்கு 7812 ரெகுலேட்டர் ஐசி வைத்து 12 வோல்ட் கொடுத்தாலே போதும், 12.6-க்கு ஐந்து சதவீதம் குறைவு, வால்வுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ரெக்கார்ட் ப்ளேயருக்கு ஃபோனோ கட்டணும். அதுக்கும் 6எஸ்என்7 போடலாமா?

இங்கேதான் கதை தலைகீழாகிறது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சுமார் 5 மில்லி வோல்ட். ஒரு கிலோ ஹெர்ட்ஸில் நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் வேண்டும். ஆர்ஐஏஏ திருத்தத்தால் (ரெக்கார்ட் வெட்டும்போது குறைத்த அடித்தொனியைத் திரும்ப ஏற்றுவது) அடித்தொனியில் அதற்கு மேல் இன்னும் கிட்டத்தட்ட 20 டெசிபல். ஆகக்கூடி ஆயிரம் மடங்கு பெருக்கத் தெம்பு இருக்க வேண்டும். இரண்டு 12ஏஎக்ஸ்7 பகுதிகள், ஒவ்வொன்றும் 50 மடங்கு, நடுவில் திருத்த வலை என்பது காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிற வடிவம். ஆக்டல்தான் வேண்டும் என்று பிடிவாதம் என்றால் மியூ 70 உள்ள 6எஸ்எல்7 இருக்கிறது. 6எஸ்என்7-ஐ வைத்துச் செய்ய மூன்று ஸ்டேஜ் வேண்டியிருக்கும், வேண்டாம்.

மேலே சொன்ன மில்லர் கெப்பாசிட்டன்ஸ் இங்கே வேறு ரூபத்தில் வரும். கார்ட்ரிட்ஜுக்கு 150 முதல் 250 பைக்கோ லோடு வேண்டும் என்று போட்டிருந்தால், 12ஏஎக்ஸ்7-இன் 100 பைக்கோவும் டோன் ஆர்ம் கேபிளின் 100 பைக்கோவும் சேர்ந்து அது ஏற்கெனவே வந்துவிட்டது. தனியாக ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு உயர்தொனியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூவிங் காயில் என்றால் அரை மில்லி வோல்ட்டுக்கும் கீழே, முன்னால் ஒரு ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வால்வு இரைச்சலை வெல்வது கஷ்டம்.

பழைய ஸ்டாக் டெலிஃபங்கன், முல்லார்ட் எல்லாம் வாங்கலாமா? ஏமாறாம எப்படி வாங்குறது?

முதல் ப்ரீஆம்புக்கு வாங்காதீர்கள். தவறான இணைப்பில் எரிந்தால் எரியட்டும் என்று இன்றைக்குத் தயாராகும் வால்வைப் போட்டுச் சர்க்யூட்டைச் சரிபாருங்கள். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவில் தயாராகும் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், சோவ்டெக் எல்லாம் வேலைக்குப் போதும். டங்-சோல், முல்லார்ட் என்று புது டப்பாவில் வருபவையும் பெயரை வாங்கி அதே ரஷ்யத் தொழிற்சாலையில் செய்தவைதான், பழையவற்றின் வாரிசு என்று நினைக்க வேண்டாம்.

பழையது கைக்கு வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உச்சியில் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி பூசினாற்போல் பளபளப்பது கெட்டர், மிச்ச வாயுவை உறிஞ்சும் பேரியம் பூச்சு. அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, குப்பைதான். ஓரங்களில் பழுப்பேறி ஒளி ஊடுருவும்படி மெலிந்திருந்தால் நிறைய ஓடிய வால்வு. பின்கள் கீறல்பட்டு நேராக்கப்பட்டிருந்தால் "பயன்படுத்தாதது" என்ற பேச்சை நம்பாதீர்கள். டெலிஃபங்கனின் சொந்தத் தயாரிப்பில் அடிக்கண்ணாடியில், பின்களுக்கு நடுவே, வைரக்கல் வடிவக் குறி வார்க்கப்பட்டிருக்கும். முல்லார்டில் அடிப்பக்கத்தை ஒட்டி மங்கலாக அரித்தெழுதிய இரண்டு வரிக் குறியீடு, அதில் பி என்ற எழுத்து பிளாக்பர்ன் ஆலையைக் குறிக்கும்.

மேலே அச்சிட்ட பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் காலத்திலேயே கம்பெனிகள் ஒன்றிடம் ஒன்று வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றன, அது மோசடி அல்ல. கட்டைவிரலால் தேய்த்து அச்சு போனால் போலி என்பதும் தவறு, அசல் முல்லார்டிலேயே அச்சு தொட்டால் வந்துவிடும். அப்படி ஒரு நல்ல வால்வைத் துடைத்துச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பெயரே இல்லாத வால்வாக்கி வைத்திருக்கிறேன்.

டெஸ்டர் இல்லை. வால்வு நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறது?

உங்கள் ப்ரீஆம்பே டெஸ்டர்தான். கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே வோல்டேஜை அளந்து ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் கரன்ட். 12ஏஎக்ஸ்7, 250 வோல்ட், 100 கிலோ ஓம், 1.5 கிலோ ஓம் என்றால் 1.3 வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும், அதாவது 0.86 மில்லி ஆம்பியர். 0.7, 0.8 வோல்ட்தான் வருகிறது என்றால் வால்வு களைத்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தால் உடனே வால்வைத் திட்டாமல் க்ரிட்டை அளந்து பாருங்கள், அங்கே பூஜ்ஜியம் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் பாசிட்டிவாக இருந்தால் முந்தைய ஸ்டேஜின் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது.

அளக்கும்போது உள்ளே 250, 300 வோல்ட் இருக்கிறது, ஆளைக் கொல்லும், இதில் விளையாட்டு இல்லை. கருப்பு முள்ளைக் கிளிப்பால் ஷாசியில் மாட்டிவிட்டு, சிவப்பு முள்ளை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கை உடம்புக்குப் பின்னால். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் வோல்டேஜ் நிற்கும். அதை வடிக்க 220 கிலோ ஓம் ப்ளீடர் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள், போட்டாலும் மீட்டரில் பத்து வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்க்காமல் விரலை வைக்காதீர்கள்.

வால்வைத் தட்டினா ஸ்பீக்கர்ல டிங்னு கேக்குது. மாத்தணுமா?

பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டினால் கொஞ்சம் கேட்பது எல்லா வால்வுக்கும் இயல்பு. மணி அடித்தது மாதிரி நீண்டு ஒலித்தாலோ, மேசையைத் தட்டினாலே கேட்டாலோ அந்த வால்வைக் கெயின் அதிகமுள்ள முதல் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், கடைசி ஸ்டேஜில் அது நிம்மதியாக வேலை செய்யும். ஃபோனோவின் முதல் வால்வுக்கு நான் ஐந்தாறு வால்வுகளைத் தட்டிப் பார்த்து, அதில் அமைதியானதைத்தான் வைப்பேன்.

மேட்ச்டு பேர்னு கூடுதல் காசு வாங்குறாங்களே, அவசியமா?

அளவுகள் ஒத்துப்போகும்படி பொறுக்கிய ஜோடி ப்ரீஆம்புக்குப் பெரும்பாலும் அவசியமில்லை. இரண்டு சேனலின் கெயின் ஒத்துப்போனால் போதும், அதைக் கேத்தோடு ரெசிஸ்டரும் ஃபீட்பேக்கும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளே பத்து இருபது சதவீதம் வேறுபடுவது சகஜம். நாலைந்து வால்வு கையில் இருந்தால் மேலே சொன்ன கேத்தோடு அளவை வைத்து நீங்களே ஜோடி சேர்த்துக்கொள்ளலாம்.

வால்வு மாத்தினா சத்தம் உண்மையிலேயே மாறுதா, இல்ல மனப்பிரமையா?

இரண்டும். வால்வுக்கு வால்வு மியூவும் ஆர்பியும் கொஞ்சம் மாறும், அதனால் கெயினும் அதிர்வெண் எல்லையும் டிஸ்டார்ஷனும் கொஞ்சம் மாறும், இது அளந்தால் தெரிவது. ஆனால் அரை டெசிபல் சத்தம் கூடினாலே நம் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "தெளிவு" என்று சொல்லும். ஒப்பிடுவதானால் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைக் கொடுத்து, மல்டிமீட்டரில் அவுட்புட்டை அளந்து, இரண்டு வால்வுக்கும் ஒரே அளவு வைத்த பிறகு கேளுங்கள். இப்படிக் கேட்ட பிறகு என்னிடமிருந்த "மகா அதிசய" வால்வுகளில் பாதி சாதாரண வால்வுகளாகிவிட்டன. அமைதியான வால்வுக்கும் இரையும் வால்வுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அப்படியே நின்றது.

சிவி181-ன்னு வாங்கினேன், 6எஸ்என்7 மாதிரிதான்னு சொன்னாங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் கொதிக்குது.

இன்றைக்குச் சீனாவிலிருந்து அந்தப் பெயரில் வருவது 6எஸ்என்7 வகைதான், 600 மில்லி ஆம்பியர். ஆனால் பழைய அசல் பிரிட்டிஷ் சிவி181 என்பது ஈசிசி32. மியூ 32, ஹீட்டர் 950 மில்லி ஆம்பியர். உங்களுடையது பழையது என்றால் இரண்டு வால்வுக்கு 1.9 ஆம்பியர் போகிறது. 6எஸ்என்7-ஐ நினைத்து 1.5 ஆம்பியர் சுற்று வாங்கியிருப்பீர்கள், கொதிக்காமல் என்ன செய்யும். 6எஸ்என்7-க்கான பிரிட்டிஷ் எண் சிவி1988.

வெளியே கேத்தோடு ஃபாலோயர் போட்டேன். வால்வு ஆறு மாசத்துக்கு ஒண்ணு போகுது, பிராண்ட் மாத்தியும் அதே கதை.

பிராண்டு காரணமில்லை. கேத்தோடு ஃபாலோயரிலும் (ப்ளேட்டுக்குப் பதில் கேத்தோடிலிருந்து சிக்னலை எடுப்பது) எஸ்ஆர்பிபி-யிலும் (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ட்ரையோட்) மேல் ட்ரையோடின் கேத்தோடு சப்ளையின் பாதியில், 125 வோல்ட் போல, உட்கார்ந்திருக்கும். ஹீட்டர் கிரவுண்டில். நடுவே மெல்லிய ஒரு பூச்சு மட்டும்தான் தடுப்பு. 12ஏயூ7-க்கு 180 வோல்ட் வரை அனுமதி உண்டு, பழைய 6எஸ்என்7ஜிடி-க்கோ 90 வோல்ட்தான். ஹீட்டரைக் கிரவுண்டிலிருந்து எடுத்து 60 வோல்ட் உயரத்தில் தூக்கி வையுங்கள்: 250 வோல்ட் சப்ளையிலிருந்து 220 கிலோ ஓமும் 68 கிலோ ஓமும் வரிசையாகப் போட்டால் நடுவில் 59 வோல்ட் கிடைக்கும், அதை 100 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரால் கிரவுண்டுக்கு வடிகட்டி ஹீட்டர் நடுப்புள்ளியில் கொடுங்கள். அப்போது மேலும் கீழும் இரண்டு வால்வும் 60, 65 வோல்ட் வித்தியாசத்தில் நிம்மதியாக இருக்கும், கூடவே ஹம்மும் குறையும்.

முந்தைய ப்ளேட்டிலிருந்து நேரடியாக ஃபாலோயரின் க்ரிட்டுக்கு இணைத்திருந்தால் இன்னொரு எதிரி இருக்கிறது. ஆன் செய்தவுடன் வால்வு இன்னும் குளிர்ந்திருக்கும்போது க்ரிட்டில் முழுச் சப்ளை வோல்டேஜ், கேத்தோடில் பூஜ்ஜியம். ஒவ்வொரு நாளும் அந்தச் சில நொடிகள் உள்ளே பொறி பறக்கும். க்ரிட்டிலிருந்து கேத்தோடுக்கு ஒரு டையோடு, ஆனோடு க்ரிட் பக்கமாக இருக்கட்டும், அல்லது ஒரு நியான் விளக்கு போதும். சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும்.

ஆன் பண்ணி அரை நிமிஷத்துல பவர் ஆம்ப்ல டம்முன்னு அடிக்குது, கோன் வெளிய வந்துட்டுப் போகுது. எந்த வால்வு போட்டா இது நிற்கும்?

எந்த வால்வு போட்டாலும் நிற்காது. வால்வு சூடாகிக் கரன்ட் ஓடத் தொடங்கும்போது ப்ளேட் வோல்டேஜ் 250-லிருந்து 160 போல இறங்கும், அந்தச் சரிவு முழுவதும் அவுட்புட் கெப்பாசிட்டர் வழியாகப் பவர் ஆம்புக்குப் போகும். கெப்பாசிட்டருக்குப் பிறகு கிரவுண்டுக்கு 1 மெக் ஓம் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாவிட்டால் கேபிளைச் செருகும்போதுகூட அடிக்கும். கெப்பாசிட்டரைத் தேவைக்கு மேல் பெரிதாக, பத்து மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருந்தால் குறையுங்கள்.

பிறகு அவுட்புட்டைக் கிரவுண்டோடு இணைத்துப் பிடித்திருந்து ஒரு நிமிடம் கழித்து விடும் ரிலே ஒன்றும், அதற்கு ஒரு டைமரும். ரிலே வருகிற வரைக்கும் ப்ரீஆம்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பவர் ஆம்பைப் போடுங்கள், அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். நான் இந்த வரிசையை ஒரே ஒரு நாள் மறந்தேன். ஒரு ஊஃபர் போய்விட்டது, ரிலே மறுநாளே வந்தது.